இடம்பெயர்ந்த எலும்பு

எங்கள் ஊரில் கால் இரண்டே வகையாகத்தான் கெட்டுப்போகும். ஒன்று சுளுக்கு, மற்றது முறிவு. வீங்கியிருந்தால் சுளுக்கு, வீங்கிக் கோணலாகவும் இருந்தால் முறிவு. சுளுக்கு என்றால் வீட்டில் உள்ள எல்லோரும் வைத்தியர்கள். முறிவு என்றால்தான் ஆஸ்பத்திரி. இந்த இரண்டுக்கும் நடுவில் இன்னொன்று இருக்கிறது, அதற்குள்ளேயும் வகைகள் இருக்கின்றன என்பதை நான் என்னுடைய வலது காலைக் கொடுத்துத்தான் படித்தேன். படிப்பித்தவருக்கு ஒழுங்காக நன்றிகூடச் சொல்லவில்லை. நன்றி சொல்வது எனக்குச் சுலபமாக வராது. முகத்துக்கு நேரே சொல்லவேண்டி வந்தால் வேறு எதையாவது கதைத்துச் சமாளித்துவிட்டு வந்துவிடுவேன். இப்போது எழுதுகிறேன், எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

எங்கள் வீடு காங்கேசன்துறையில், கடல் இரைச்சல் கேட்கிற தூரத்தில் இருந்தது. தொண்ணூறாம் ஆண்டு ஷெல் விழத் தொடங்கியபோது அந்தப் பக்கத்துச் சனம் முழுவதும் தெற்கு நோக்கி நடந்தது. நாங்களும் நடந்தோம். எங்களோடு பக்கத்து வீட்டு மாமியும் வந்தார். மாமிக்கு ஒரு கால் வழங்காது. அவரைத் தள்ளுவண்டிலில் சாக்கு விரித்து இருத்தி, தெருவில் போன பெடியள் மாறி மாறித் தள்ளினார்கள். வண்டில் ஒவ்வொரு பள்ளத்தில் விழும்போதும் மாமி, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ பிள்ளையள்" என்றார். அவரை யாரும் ஒரு சொல் குறை சொல்லவில்லை. ஆனாலும் வழி நெடுக மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார். அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நடந்த எனக்கு அன்றைக்கு ஒரு பயம் பிடித்தது. செத்தாலும் பரவாயில்லை, இப்படி ஆகிவிடக் கூடாது என்ற பயம்.

உடுவிலில் ஒரு வீட்டின் பின்பக்கத்தில் அறை கிடைத்தது. பிறகு அம்மாவின் கண் வைத்தியத்துக்காக அப்பாவும் அம்மாவும் வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போனார்கள். திரும்பி வர வழியில்லாமல் அங்கேயே தங்கிவிட்டார்கள். அண்ணை அதற்கு முன்பே கனடா போயிருந்தார். மிஞ்சியது அக்காவும் நானும். இருவருக்கும் கலியாணம் ஆகவில்லை, இருவருக்கும் வாய் கொஞ்சம் நீளம். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தேன். அக்கா வீட்டையும் என்னையும் ஆட்சி செய்தாள்.

கால் போன கதை சைக்கிளில் தொடங்குகிறது. பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாத காலம்; ஊர் முழுவதும் சைக்கிளில்தான் ஓடியது. சைக்கிளுக்குப் பிறேக் கட்டையும் வராது. கட்டை தேய்ந்து முடிந்ததும் எல்லோரும் செய்ததைத்தான் நானும் செய்தேன்: நிற்பாட்ட வேண்டுமென்றால் ஒரு காலை நீட்டித் தரையில் தேய்ப்பது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் முதல் கோயில் ஐயர் வரை அப்படித்தான் நிறுத்தினார்கள். செருப்பு தேயும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தோம்.

தொண்ணூற்று மூன்றில் ஒருநாள் சுன்னாகம் சந்தையால் வந்துகொண்டிருந்தோம். பின் கரியரில் அக்கா, அவள் மடியில் மரவள்ளிக் கிழங்கு. ஒழுங்கை முடக்கில் ஒரு மாடு குறுக்கே வந்தது. நான் காலை நீட்டினேன். பெருவிரல் பக்கம் தரையில் துருத்திக்கொண்டிருந்த ஒரு கல்லில் குத்தி நின்றுவிட, சைக்கிளும் அக்காவும் மரவள்ளியும் நானுமாக அந்தப் பாதத்தின் மேல் கவிழ்ந்தோம். பாதத்தின் நடுவில் ஏதோ திறந்ததுபோல இருந்தது. மாடு நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டது.

அக்கா எழும்பி முதலில் கிழங்கைப் பொறுக்கினாள். பிறகு என் காலைப் பார்த்தாள்.

"எடி, சுளுக்குத்தான். எழும்பு."

"அக்கா, ஊன்றேலாமல் இருக்கு."

"ஊன்றினால் நோகும்தானே, அதுதான் சுளுக்கு. உதுக்குப் போய் மூஞ்சையை உப்பிடி வைச்சிருக்கிறாய்."

புளியும் உப்பும் கரைத்துக் காய்ச்சிச் சூட்டோடு பூசினாள். அக்காவின் புளிப்பத்துக்கு ஊரில் நல்ல பெயர். மேலே பூசியது வழிந்து உள்ளங்கால் வரைக்கும் காய்ந்து மண்ணிறமாகப் பிடித்துக்கொண்டது. ஒரு கிழமைக்கு மேலாகியும் வீக்கம் வற்றவில்லை. குதிக்காலை ஊன்றிக் கெந்திக் கெந்தி நடந்தேன். பள்ளிக்கூடத்தில் கதிரையில் இருந்தபடி படிப்பித்தேன். கரும்பலகைக்குப் போக வேண்டி வந்தால் ஒரு பிள்ளையை எழுப்பி எழுதச் சொன்னேன். ஒருநாள் வகுப்பில் யாரோ பின்னால் சிரித்தார்கள். எனக்குத் தள்ளுவண்டில் மாமியின் நினைவு வந்தது. இன்னொருமுறை ஓட வேண்டி வராது என்று நம்புகிற அளவுக்கு நாங்கள் ஒருவரும் மடையர்கள் இல்லை. ஓட வேண்டி வந்தால் என்னை யார் தள்ளுவது? அக்காவா? அவளே நடந்தால் இளைப்பாள். அவள் என்னை விட்டுவிட்டுப் போகவும் மாட்டாள். என் கால் சரிவராவிட்டால் போவது என் கால் மட்டும் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

அன்றைக்குப் பின்னேரமே அக்காவோடு சண்டை போட்டேன். எனக்கு எவ்வளவு கோபம் வந்தாலும் அவளை 'நீங்கள்' என்றுதான் கூப்பிடுவேன். 'நீங்கள்' என்று சொல்லிச் சண்டை பிடித்தால் காரம் இன்னும் கூடும் என்பது என் அனுபவம்.

"நீங்களும் உங்கடை புளியும்! நான் நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறன்."

"போ, போ. அவங்கள் சுளுக்கெண்டு சொல்லித் திருப்பி விடேக்கை என்னட்டைத்தானே வருவாய்."

ஆனால் காலையில் என்னைக் கரியரில் ஏற்றிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தது அவள்தான். வழி முழுக்க ஏசிக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்த டொக்டர் என்னைவிட இளையவர். கண் இரண்டும் நித்திரை இல்லாமல் சிவந்திருந்தது. முதலில் எடுத்த எக்ஸ்ரே படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நான் படுத்திருக்க எடுத்த படம் அது.

"முறிவு ஒண்டும் தெரியேல்லை" என்றார்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு வெற்றிவிழாவே இருந்தது. அவ்வளவில் அவர் எங்களை அனுப்பியிருந்தால் யாரும் பிழை சொல்லியிருக்க முடியாது. வெளியே இருந்த வாங்குப் பலகைகள் நிறையச் சனம். வெடிபட்டவர்களும் அதற்குள் இருந்தார்கள். ஒரு கணக்கு ரீச்சரின் சுளுக்குக்கு அவ்வளவு நேரம் கொடுத்ததே பெரிய காரியம். ஆனால் அவர் படத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "அக்கா, உள்ளங்காலைக் காட்டுங்கோ" என்றார்.

நான் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். எங்கள் வீடுகளில் பெண் பிள்ளைக்கு நடக்கப் பழக்கும்போதே பழக்குகிற காரியம், உள்ளங்காலை ஒருவர் முகத்துக்கு நேரே நீட்டாதே என்பது. பெரியவர்கள் வந்தால் காலை மடக்கு, சாமி படம் இருக்கிற பக்கம் நீட்டாதே, படுக்கும்போதும் பார்த்துப் படு. இப்போது ஒரு டொக்டர், அதுவும் ஆம்பிளை, உள்ளங்காலைக் காட்டச் சொல்லுகிறார். அதில் புளி வேறு அப்பிக்கிடக்கிறது.

"மேலைதான் டொக்டர் வீக்கம். கீழை ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லையெண்டால் காட்டுறதிலை என்ன?"

"ஊத்தையாக் கிடக்கு."

டொக்டர் எழும்பி வந்தார். ஒரு சின்ன முக்காலியை இழுத்துப் போட்டு எனக்கு முன்னால் பதிவாக உட்கார்ந்தார். ஈரப் பஞ்சை எடுத்தார். என் பாதத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்துக் காய்ந்த புளியைத் துடைக்கத் தொடங்கினார். நான் கூச்சத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்தபோது அக்கா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இருந்த வெற்றிவிழா முடிந்திருந்தது. புளி போன இடத்தில், உள்ளங்காலின் நடுவே, நாவற்பழ நிறத்தில் இரத்தம் கன்றிக்கிடந்தது. அதை நாங்கள் இருவரும் அதுவரை பார்க்கவே இல்லை. நான் மரியாதைக்கு மறைத்தேன், அக்கா அன்புக்கு மறைத்தாள்.

அவர் விரலால் அழுத்தினார்.

"இதிலையோ நோகுது?"

"உதிலை இல்லை."

"இதிலை?"

"உதுக்குக் கொஞ்சம் மேலை... ஐயோ!"

"சரி. இனி எழும்பி நுனிக்காலிலை நில்லுங்கோ பாப்பம்."

என்னால் குதியைத் தரையிலிருந்து எடுக்கவே முடியவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டுத் தானே எக்ஸ்ரே அறைக்கு எழும்பிப் போனார். அந்த நாளில் படத்தாள் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு காலுக்கு இரண்டாவது படம் என்பது கேட்கக் கூசுகிற விஷயம். உள்ளே அவர் யாரோடோ கதைப்பது கேட்டது, குரல் கொஞ்சம் உயர்ந்ததும் கேட்டது. திரும்பி வந்து, "இந்த முறை நிண்டுகொண்டு எடுக்கப்போறம். முழுப் பாரத்தையும் அந்தக் காலிலை குடுங்கோ. நோகும், பல்லைக் கடியுங்கோ" என்றார்.

இரண்டாவது படத்தைப் பார்த்தபோது எனக்கே தெரிந்தது. பெருவிரலுக்குப் பின்னால் போகிற நீட்டு எலும்புக்கும் அதற்கு அடுத்ததற்கும் நடுவில் ஒரு வாசல் திறந்திருந்தது.

"படுக்க வைச்சு எடுத்தால் எலும்புகள் நல்ல பிள்ளையள் மாதிரித் தங்கடை இடத்திலை நிக்கும். பாரம் ஏறினால்தான் சங்கதி வெளிவரும்" என்றார் டொக்டர். "இது முறிவில்லை. சுளுக்கும் இல்லை. எலும்பு இடம்பெயர்ந்திட்டுது."

அந்தச் சொல்லைக் கேட்டு அக்காவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மூன்று வருடமாக அது எங்களுடைய சொல்லாகத்தான் இருந்தது. நிவாரண அரிசிக்கு நின்றால் அந்தச் சொல், பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்க வந்தால் அந்தச் சொல். எலும்புக்கும் அதையே சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது.

கணக்கு ரீச்சர் என்று அறிந்ததாலோ என்னவோ அவர் எனக்கு விளங்கப்படுத்தினார். பாதத்தின் நடுவில் ஐந்து நீட்டு எலும்புகளும் பின்னால் இருக்கிற குட்டி எலும்புகளோடு பொருந்துகிற ஒரு வரிசை இருக்கிறதாம். அந்தப் பொருத்து விட்டுப்போனால் மூன்று வகையாகத்தான் போகுமாம். "ஐஞ்சும் சேர்ந்து ஒரே பக்கமாப் போறது ஒரு வகை. ஒண்டு ரெண்டு மட்டும் விலகிப் போறது அடுத்தது. பெருவிரல் எலும்பு ஒரு பக்கமும் மிச்சம் மற்றப் பக்கமுமாப் பிரிஞ்சு போறது மூண்டாவது. உங்களுக்கு நடு வகை. அதுதான் லேசிலை பிடிபடாது, விட்டால் பாதம் சப்பையாகிப் பிறகு வாழ்நாள் முழுக்கக் கெந்தவேண்டியதுதான்."

"எந்த வகையெண்டால் என்ன டொக்டர்? நோவு ஒண்டுதானே."

"நோவு ஒண்டுதான். ஆனா எந்தப் பக்கமாப் போனதெண்டு தெரிஞ்சால்தானே எந்தப் பக்கத்தாலை இழுத்துக் கொண்டுவாறதெண்டு தெரியும்."

என் வாய் சும்மா இருக்காது. "அப்ப எங்கடை வீடு மூண்டாம் வகை டொக்டர். அப்பா அம்மா இந்தியா, அண்ணை கனடா, நாங்கள் உடுவில். உங்கடை வீடு?"

அக்கா என்னைக் கிள்ளினாள். அவர் கோபிக்கவில்லை, சிரித்தார். தன் நெஞ்சைத் தொட்டு, "நடு வகை. எல்லாரும் கொழும்பிலை. ஒரு எலும்பு மட்டும் இஞ்சை" என்றார்.

போகக்கூடியவர், போகாமல் நின்றார். அதை ஒரு பகிடிபோலச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவர் நின்றிராவிட்டால் என் கால் என்றைக்கும் சுளுக்காகவே இருந்திருக்கும்.

வார்டில் அனுமதிக்கும்போது ஒரு நேர்ஸ் பிள்ளை கேட்டாள், "இடம்பெயர்ந்ததோ?"

"ஓம்."

"எங்கை இருந்து எங்கை?"

"ரெண்டாவது விரல் எலும்பு, வெளிப்பக்கமா."

அவள் பேனையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். "ஐயோ அக்கா, நான் ஊரைக் கேட்டனான்!"

"அதுவும்தான் பிள்ளை. காங்கேசன்துறையிலை இருந்து உடுவிலுக்கு."

பக்கத்துக் கட்டிலில் வயிற்றுத் தையலோடு கிடந்த ஒரு மனுசி, சிரித்தால் தையல் நோகுது, கதையாதை என்று என்னைத் திட்டினார்.

அடுத்த நாள் எலும்பை இழுத்து இடத்தில் வைத்து இரண்டு கம்பி குத்தினார்கள். முதுகில் ஊசி போட்டதால் நோகவில்லை. தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. கால் விறைப்பு விட்டுக் கிடந்தபோது டொக்டர் வந்து மாவுக்கட்டைத் தட்டிப் பார்த்தார். "கம்பி கவனம். புதுசு ஒண்டும் வாறேல்லை. இது உங்களுக்கு முதல் ஆரின்ரையோ காலிலை இருந்தது, அவிச்சுக் கழுவி உங்களுக்குப் போட்டிருக்கிறம். உங்களுக்குப் பிறகும் ஆருக்கோ வேணும். பத்திரமா வைச்சிருந்து திருப்பித் தாங்கோ."

அந்தக் கம்பிகள் என் காலுக்குள் இருந்த காலம் முழுவதும் அக்கா என்னைத் தரையில் கால் வைக்க விடவில்லை. குளிக்க வார்த்தாள், தூக்கி இருத்தினாள், பள்ளிக்கூடப் பிள்ளைகளை வீட்டுக்கே வரவழைத்துக் கட்டிலைச் சுற்றி இருத்தினாள். ஒருநாள்கூட முகம் சுளிக்கவில்லை என்று எழுத ஆசைதான், ஆனால் அது பொய். ஒவ்வொரு நாளும் சுளித்தாள். சுளித்துக்கொண்டே எல்லாம் செய்தாள். புளி பூசியதைப் பற்றி அவளும் கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை. ஆனால் அந்த வருடம் முழுவதும் எங்கள் வீட்டில் ரசம் வைக்கவில்லை.

கம்பி கழற்றிய அன்று டொக்டர் அவற்றை ஒரு தட்டத்தில் போட்டார். கிணுங் என்று ஒரு சின்னச் சத்தம். "சரி, இனி நடவுங்கோ" என்றார். வழியில் வரும்போதே நன்றி சொல்ல வேண்டுமென்று சொற்களை அடுக்கி வைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் குழம்பியது. "கம்பியை நல்லாக் கழுவுங்கோ டொக்டர்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவரை நான் காணவில்லை.

நான் நடந்தேன். மழைக்காலத்தில் கொஞ்சம் உளையும், மற்றபடி நேரான கால். கரும்பலகைக்கு நானே போய் எழுதினேன். நினைத்து நினைத்து நன்றிப்படுகிற அளவுக்கு எனக்குப் பொறுமை இல்லை. நடக்க முடிந்தால் நடப்பதை மறந்துவிடுகிறோம்.

மறக்க முடியாமல் ஆனது தொண்ணூற்றைந்து ஐப்பசியில். ஆமி நெருங்குகிறது, உடுவிலும் சேர்ந்த வலிகாமம் முழுவதும் வெளிக்கிட வேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். நாங்கள் சைக்கிளில் கட்டக்கூடியதைக் கட்டி உருட்டிக்கொண்டு வெளிக்கிட்டோம். மழை. ஒரே ஒரு வீதி, அதில் எல்லாச் சனமும். விடிந்தபோது நாவற்குழிப் பாலத்தைத் தாண்டியிருந்தோம். அவ்வளவு நெருக்கத்தில் ஆட்களின் முகம் தெரியாது. தலையைக் குனிந்தால் கால்கள்தான் தெரியும். சேற்றுக்குள் செருப்போடும் செருப்பில்லாமலும் கால்கள். எனக்கு முன்னால் போன கால்களைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். என் கம்பிகள் எனக்குப் பிறகு யாருடைய காலுக்குப் போயிருக்கும்? எனக்கு முதல் யாருடைய கால்? அந்தக் கால்களும் இதற்குள்தான் எங்கோ நடக்க வேண்டும், நேராக நடக்க வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். ஓரிடத்தில் ஒரு கிழவரைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் மன்னிப்புக் கேட்கிறாரோ என்று எனக்குக் கேட்கவில்லை. நான் என் பாதத்தில் ஊன்றி நின்று அவருக்கு வழி விட்டேன்.

கைதடிக்குக் கிட்ட, சேறு மூடிய ஒரு குழிக்குள் அக்காவின் கால் போனது. "அம்மா!" என்று குந்திவிட்டாள். நான் சைக்கிளை நிற்பாட்டினேன்.

"ஒண்டுமில்லையடி. சுளுக்குத்தான், நட."

"இருங்கோ."

"சனம் இடிக்குது, நட எண்டுறன்."

"அக்கா, உள்ளங்காலைக் காட்டுங்கோ."

சைக்கிளை மதகில் சாய்த்துவிட்டு நான் சேற்றில் உட்கார்ந்தேன். அவளுடைய பாதத்தைத் தூக்கி என் மடியில் வைத்தேன். மழைத் தண்ணீரால் கழுவி, சீலைத் தலைப்பால் துடைத்தேன். அக்கா கூச்சத்தில் காலை இழுத்தாள், நான் விடவில்லை. அந்த இடம் எது என்று என் விரலுக்குத் தெரியும்.

"இதிலை நோகுதோ?"

"உதிலை இல்லை. கணுக்கால் பக்கம் கொஞ்சம்."

"எழும்புங்கோ. என்ரை தோளைப் பிடிச்சுக்கொண்டு நுனிக்காலிலை நில்லுங்கோ."

"உனக்கு விசரே, நடு றோட்டிலை?"

"நில்லுங்கோ அக்கா!"

அக்கா நின்றாள். நடந்துகொண்டிருந்த அத்தனை சனத்துக்கும் நடுவில், நரைத்த தலையும் நனைந்த சீலையுமாக, என் தோளைப் பிடித்துக்கொண்டு குதி இரண்டையும் தூக்கி உயர்ந்து நின்றாள். கால் தாங்கியது. நின்ற உயரத்தில் அவள் முன்னால் பார்த்தாள்.

"என்ன தெரியுது?" என்று கேட்டேன்.

"தலையள்தான். முடிவே தெரியேல்லை."

"உங்களுக்குச் சுளுக்குத்தான் அக்கா" என்றேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். அந்தச் சொல்லில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன் வந்ததில்லை. எந்த வார்டில், யாருடைய காலை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாரோ தெரியாத அந்த மனிதருக்கு, அந்த மழையில் வாய் விட்டுச் சொன்னேன், நன்றி டொக்டர் என்று.

"ஆரோடை கதைக்கிறாய்?" என்றாள் அக்கா. "நான் அப்பவே சொன்னனான், சுளுக்கெண்டு."

சைக்கிளை ஒரு பக்கம் அவள் பிடித்தாள், மறுபக்கம் நான் பிடித்தேன். கொடிகாமம் வரைக்கும் இரண்டு பேரும் முதலாம் வகையாக, ஒரே பக்கமாக நடந்தோம்.